பேசும் கருவி வைத்திருக்கும் மாணவர்களுக்கு நீர் சுழற்சியை எப்படி நடத்துவது?

ஓர் அறிவியல் ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய வகுப்பில் நான்கு மாணவர்கள் வாயால் பேசுவதில்லை. ஒருவர் டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசுகிறார். ஒருவரிடம் படங்கள் ஒட்டிய தொடர்புப் புத்தகம் இருக்கிறது. மூன்றாமவருடையது கண் பார்வையைப் பின்தொடர்ந்து இயங்கும் கருவி. நான்காமவருக்கு இப்போதைக்கு ஒரே ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் பதிவு செய்துவைத்த வாக்கியம் ஒன்று ஒலிக்கும். நீர் சுழற்சிப் பாடம் வரப்போகிறது. ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று பாடச் சொற்களையெல்லாம் கருவிகளில் ஏற்றிவிட்டால் போதுமா, செய்முறையில் இவர்களை எப்படிச் சேர்ப்பது, புரிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார்.

சொற்களை ஏற்றுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே தொடங்காதீர்கள். பல வகுப்புகளில் நடப்பது என்னவென்றால், பாடத்துக்கு முந்தின நாள் யாராவது உட்கார்ந்து பத்துப் பதினைந்து புதுப் படங்களைக் கருவியில் சேர்ப்பார்கள். மறுநாள் ஆசிரியர் "ஆவியாதல் எங்கே, காட்டு" என்பார். மாணவர் காட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். பாடம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அப்புறம் யாரும் திறப்பதில்லை. யோசித்துப் பாருங்கள், அந்த மாணவர் இதில் என்ன சொன்னார்? ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

நீர் சுழற்சியில் முக்கியமான பொருள் ஒன்றே ஒன்று, தண்ணீர். மற்றதெல்லாம் அது எங்கே போகிறது, எப்படி மாறுகிறது, எப்போது திரும்பி வருகிறது என்ற கதை. அந்தக் கதையைச் சொல்லத் தேவையான சொற்கள் உங்கள் மாணவர்களின் கருவிகளிலும் புத்தகத்திலும் அநேகமாக முதல் நாளிலிருந்தே இருக்கும்: போ, வா, மேலே, கீழே, உள்ளே, வெளியே, சூடு, குளிர், சேர், சின்னது, பெரிது, இல்லை, எங்கே, ஏன், மறுபடி. இந்தத் துறையில் இவற்றை மையச் சொற்கள் என்போம். ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை எண்ணிப் பார்த்தவர்கள், அன்றாடப் பேச்சில் கிட்டத்தட்ட 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் கெயில் வான் டாட்டன்ஹோவ் இதை வைத்துப் பாடம் நடத்தும் ஒரு முறையைப் பரப்பினார்: பெயரைக் கேட்காமல், விவரிக்கச் சொல்லிக் கேட்பது. "தண்ணீர் ஆவியாவதற்குப் பெயர் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு படம்தான் பதில். "தண்ணீருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் "போ", "மேலே போ", "இல்லை", "காற்று உள்ளே", "சூடு" என்று எத்தனையோ பதில்கள் வரலாம். எல்லாமே பேச்சு. எல்லாவற்றிலிருந்தும் அந்த மாணவர் என்ன நினைக்கிறார் என்று தெரியும்.

இப்படியே முழுப் பாடத்தையும் பேசிவிடலாம். ஆவியாதல்: தண்ணீர், போ, மேலே. பார்க்க முடியாது. ஆவி சுருங்குதல்: குளிர், சின்னது, சேர். மழைப்பொழிவு: சேர், பெரிது, கீழே வா. ஊடுருவல்: உள்ளே போ. வழிந்தோடல்: கீழே, ஓடு. சுழற்சி: மறுபடி. "மறுபடி" என்பது கருவி வழியே பேசும் பல குழந்தைகள் முதலில் பிடித்துக்கொள்ளும் சொற்களில் ஒன்று. ஊஞ்சலுக்கும் கதைக்கும் பயன்படுத்திய அதே சொல் இங்கே ஓர் அறிவியல் கருத்தைத் தாங்குகிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. "சூடு, மேலே போ" என்று எப்போதும் சேர்த்தே சொல்லிக் காட்டினால், சூடாக இருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்று பதிந்துவிடும். நிழலில் போட்ட ஈரத்துணியும் காய்கிறது. ஒரே அளவு நனைத்த இரண்டு துணிகளில் ஒன்றுக்கு மின்விசிறிக் காற்று, இன்னொன்றுக்குக் காற்று இல்லை என்று வைத்துப் பாருங்கள். "காற்று", "வேகம்" என்ற சொற்களும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது பாடச் சொற்கள். அவற்றை மறைக்கவும் கூடாது. "இவர்களுக்கு எதற்கு ஆவி சுருங்குதல் எல்லாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மற்ற மாணவர்கள் வாயில் புரளும் சொல் இவர்கள் கைக்கும் எட்ட வேண்டும். நான்கைந்து போதும். கண்ணால் பார்த்து, தன் சொற்களில் விவரித்து முடித்த பிறகு, "நீ சொன்ன இதற்குத்தான் ஆவியாதல் என்று பெயர்" என்று ஒட்டவைக்கலாம். சேர்க்கும்போது முதன்மைப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் சொற்களின் இடத்தை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். நாம் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவது போல, அவர்கள் விரலுக்கோ கண்ணுக்கோ அந்த இடங்கள் பழகியிருக்கும். "மேலே" என்ற சொல்லை ஒரு கட்டம் தள்ளி வைத்தால், அன்றைக்கு அவர் தடுமாறுவது பாடம் புரியாததால் என்று நீங்கள் தப்புக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். புதுச் சொற்களுக்குத் தனிப் பக்கம், அல்லது காலியாக இருக்கும் கட்டங்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்த மாணவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். எழுத்துப் பலகையும் சொல்லை ஊகித்துக் காட்டும் வசதியும் போதும்.

படக்குறியீடுகளைப் பற்றி ஒன்று. ஆயத்தப் படத் தொகுப்புகளில் ஆவியாதலுக்குச் சூரியன், கடல், நெளிந்து நெளிந்து மேலே போகும் அம்புகள் இருக்கும். ஆவி சுருங்குதலுக்கு ஒரு மேகம். அப்புறம் மாணவர் மேகத்தைப் பார்க்கும் போதெல்லாம் ஆவி சுருங்குதல் என்பார், மேகத்தின் இன்னொரு பெயர் அது என்று நினைத்துக்கொண்டு. வகுப்பில் நீங்கள் செய்யும் சோதனையைப் படம் பிடித்து அதையே குறியீடாகப் போடுங்கள். குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நிற்கும் துளிகள் எந்த ஓவியத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

அதைவிட முக்கியமானது, தப்பாகச் சொல்வதற்கும் சொல் வேண்டும். பேசும் குழந்தைகள் இந்தப் பாடத்தில் ஏராளமான தப்புகளைச் சொல்வார்கள். இஸ்ரேலில் வர்தா பார் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் தரையில் காய்ந்த தண்ணீர் மறைந்தே போய்விட்டது என்றோ தரைக்குள் இறங்கிவிட்டது என்றோ நினைப்பது தெரிந்தது. அது காற்றில் இருக்கிறது என்ற எண்ணம் மெதுவாகத்தான் வருகிறது. உங்கள் மாணவரின் கருவியில் சரியான விடைகள் மட்டுமே இருந்தால் அவர் மனதில் என்ன தப்பு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியவே வராது. அதனால் ஈரத் தரை காய்ந்த பிறகு "எங்கே போச்சு?" என்று கேட்கும்போது, தரைக்குள்ளே, காற்றுக்குள்ளே, ஒன்றுமே இல்லாமல் போச்சு, யாரோ துடைத்துவிட்டார்கள், இதெல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூடவே "இதில் இல்லை, வேறு ஏதோ" என்பது கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பலகையில் மாணவர் உங்கள் பட்டியலுக்குள்தான் யோசிக்க முடியும்.

நீங்கள் பேசும்போது நீங்களும் அவர்களுடைய படங்களைத் தொட்டுப் பேச வேண்டும். இதுதான் முதுகெலும்பு, இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். காதால் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே குழந்தை பேசக் கற்கிறது. கருவியில் பேச வேண்டிய குழந்தைக்கு மட்டும், கருவியில் பேசுகிற ஒருவரைப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. பெரிய தாளில் மையச் சொற்களை அச்சிட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். "தண்ணீர் மேலே போகிறது" என்று சொல்லும்போது தண்ணீர், மேலே, போ என்று மூன்றையும் தொட்டுக்கொண்டே சொல்லுங்கள். மாணவர் இப்போது ஒற்றைச் சொல்லில் பேசுகிறார் என்றால் நீங்கள் இரண்டு மூன்று சொல் தொட்டுக் காட்டினால் போதும், முழு வாக்கியத்தையும் தொட வேண்டியதில்லை. அவர் "தண்ணீர் போ" என்றால் "ஆமாம், தண்ணீர் போகுது, மேலே போகுது" என்று நீட்டிச் சொல்லுங்கள். திருத்துவது போல் இருக்கக் கூடாது. "நான் செய்த மாதிரி செய்" என்ற கட்டளையும் வேண்டாம். மற்ற மாணவர்களுக்கும் அதே பலகையின் நகலைக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் தொட்டுத் தொட்டுப் பேசுவார்கள், கருவி ஒரு சிலருடைய தனி அடையாளமாக நிற்காது.

செய்முறைக்கு வருவோம். எல்லாரும் செய்வது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. கொஞ்சம் நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுவது. நல்ல சோதனை, ஏனென்றால் மெதுவாக நடக்கும், மறுபடி மறுபடி போய்ப் பார்க்கலாம். முதலில் பையின் மேல்பாதி லேசாக மங்கும். அப்புறம் ஊசிமுனைப் புள்ளிகள். பக்கத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு பெரிதாகும். ஏதோ ஒன்று பாரம் தாங்காமல் சரிந்து, வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு கோடு போட்டு இறங்கும். சின்னது, சேர், பெரிது, கீழே. நான்கு சொல்லும் கண்ணெதிரே நடக்கின்றன. மேகத்திலும் துளிகள் சேர்வது உண்டு; ஒரு சராசரி மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகளின் தண்ணீர் தேவை. "சேர், சேர், சேர்" என்று மாணவர் தொட்டுக்கொண்டே இருந்தால் விளையாட்டு என்று நிறுத்தாதீர்கள், அது சரிதான். இறங்கும் துளியில் நீலம் இல்லை என்பதையும் யாராவது கவனிப்பார்கள்; கவனிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. கண் பார்வைக் கருவிகள் அகச்சிவப்பு ஒளியில் கண்ணைப் பின்தொடர்பவை. வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஏராளம். ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தினால் கருவி கண்ணைத் தொலைத்துவிடும், மாணவர் எரிச்சலாவார், நீங்கள் கவனம் இல்லை என்று குறித்துவைப்பீர்கள். அந்த நேரத்துக்கு ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளில் நான்கு படம். நீங்கள் எதிரே பிடித்துக்கொண்டால், அவர் பார்க்கும் மூலை உங்களுக்குப் பலகை வழியே தெரியும். மின்சாரம் வேண்டாம், வெயிலுக்கும் பயம் இல்லை. டேப்லெட்டிலும் இதே மாதிரி தொல்லை உண்டு. ஈர விரலைத் தொடுதிரை சரியாகப் புரிந்துகொள்ளாது. திரையில் விழுந்த துளியையே சில சமயம் தொடுகையாக எடுத்துக்கொண்டு தானாகப் பேச ஆரம்பித்துவிடும். தண்ணீர்ப் பாடத்தில் இது நடந்தே தீரும். அதே பக்கத்தை அச்சிட்டு லேமினேட் செய்த பலகை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். "தண்ணீர் பட்டுவிடும்" என்று கருவியை அலமாரியில் வைத்துவிட்டுச் சோதனை செய்வதுதான் மிக மோசம். பேச நிறைய இருக்கும் நேரத்தில் வாயை மூடிய மாதிரி ஆகிவிடும்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டுகிறீர்களா, மாணவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரால் சட்டென விலக முடியாது, "சுடுது" என்று சொல்லவும் நேரம் ஆகும். கெட்டில் மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாத ஒரு சிறு இடைவெளி இருக்கும், உண்மையான நீராவி அதுதான். அதற்கப்பால் வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து ஆன துளிகள். இதைக் கிட்டே எடுத்த வீடியோவில் காட்டுவதே மேல்.

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த சோதனை ஐஸ் போட்ட டம்ளர்தான். கண்ணாடி டம்ளரில் ஐஸும் தண்ணீரும் போட்டு மேசையில் வையுங்கள், காற்றில் ஈரம் இருந்தால் சில நிமிடங்களில் வெளிப்பக்கம் வியர்க்கும். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டேப்லெட் வைத்திருக்கும் மாணவர் டம்ளரைத் தடவிவிட்டு "தண்ணீர்", "உள்ளே", "வெளியே வா" என்று தொடுகிறார் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து வெளியே வருகிறது என்கிறார். வாயால் பேசும் பிள்ளைகளும் அப்படியேதான் நினைப்பார்கள். இங்கே விளக்கம் சொல்லாதீர்கள். இன்னொரு டம்ளரில் நன்றாகச் சிவப்புச் சாயம் கலந்த ஐஸ் தண்ணீர் வையுங்கள். வெளியே துளிகள் வந்ததும் வெள்ளை டிஷ்யூத் தாளால் துடைத்து அவர் கண்முன் விரித்துக் காட்டுங்கள். தாள் ஈரமாக இருக்கும், வெள்ளையாகவே இருக்கும். அவர் "சிவப்பு" என்பார், "இல்லை" என்பார், டம்ளரை மறுபடி பார்ப்பார். அந்த இடத்தில் "எங்கே" என்று ஒரு சொல் வந்தால், நிமிர்ந்து உட்காருங்கள். அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, அவருடைய கேள்வி. உடனே பதில் சொல்லி முடித்துவிடாமல், "எங்கே, காற்று?" என்று பலகையில் தொட்டு நீங்களும் யோசியுங்கள்.

சில சமயம் சம்பந்தமே இல்லாத சொல் வரும். துளிகளைப் பார்த்துவிட்டுக் "குளியல்" என்று தொட்டால், தப்பான பொத்தான் பட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். குளியலறைக் கண்ணாடி மங்குவதைச் சொல்கிறாரோ என்னவோ. "ஆமாம், குளிக்கும்போது கண்ணாடியில் இப்படித்தான் வரும், இல்லையா?" என்று எடுத்துக்கொண்டு பாருங்கள். தவறித்தான் பட்டது என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஒற்றை ஸ்விட்ச் வைத்திருக்கும் மாணவரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டீர்கள். அதில் "மழை பெய்கிறது" என்று பதிவு செய்துவைத்துச் சரியான இடத்தில் அழுத்தச் சொல்வதால் பயன் குறைவு. ஒருமுறை அழுத்தியதும் அவர் வேலை முடிந்துவிடும். எங்கே அழுத்தினாலும் அர்த்தமுள்ள ஒன்றைப் பதிவு செய்யுங்கள். "இருங்க, நான் இன்னும் பார்க்கணும்." "எனக்கு நம்பிக்கை இல்லை, மறுபடி செஞ்சு காட்டுங்க." இதை அவர் அழுத்தினால் வகுப்பே நின்று, மறுபடி செய்தாக வேண்டும். அவர் வயதுள்ள பிள்ளை ஒருவரின் குரலில் பதிவு செய்யுங்கள், உங்கள் குரலில் வேண்டாம். அதே ஸ்விட்சை மின்கருவியோடு சேர்க்கும் இணைப்புப் பெட்டி கிடைக்கிறது. இரண்டு ஈரத் துணிச் சோதனையில் மின்விசிறியை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. தண்ணீர் ஒரு மேசையில், மின்கருவி தூரத்தில்.

ஆனால் ஒரு ஸ்விட்ச்தான் அவருடைய எல்லை என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் வாயால் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, வேண்டியது வந்ததும் அவர் ஸ்விட்சாலோ கண்ணாலோ தலையசைவாலோ நிறுத்தலாம். "தரைக்குள்ளே... காற்றுக்குள்ளே... இல்லாமல் போச்சு... வேறு ஏதோ..." என்று ஒரே தொனியில், ஒரே வேகத்தில் சொல்ல வேண்டும். சரியான விடை வரும்போது குரல் உயர்ந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள்; பிள்ளைகள் நம்மைவிட நன்றாக நம்மைப் படிப்பவர்கள்.

பையும் டம்ளரும் துண்டு துண்டான காட்சிகள்தான். சுழற்சியைச் சேர்த்துப் பார்க்க, துளியின் பயணம் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அறையின் பல மூலைகளில் கடல், மேகம், ஆறு, மண், செடி, பனிமலை, நிலத்தடி நீர் என்று இடங்கள் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பகடை வைக்கிறோம். எல்லாரும் துளிகள். பகடை சொல்வதைப் பொறுத்து அங்கேயே இருக்கணும், அல்லது வேறு இடத்துக்குப் போகணும். ஸ்விட்சால் சுழலும் முள் வைத்த வட்டு இருந்தால் பகடைக்குப் பதில் அது.

கருவி வழியே பேசுபவர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகப் பொருந்துகிறது. ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொரு தடவையும் நிஜமான தேவையோடு. போ, இரு, எங்கே, மேலே, மறுபடி. மாணவர் "போ" என்று சொன்ன பிறகுதான் நாற்காலி நகர வேண்டும். தள்ளுகிறவர் பகடையைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனால், பயணம் போவது அவர்தான், மாணவர் இல்லை.

வழக்கமான வட்டப் படம் தரும் தப்பையும் இது சரிசெய்யும். அந்தப் படத்தைப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் கடல், மேகம், மலை, ஆறு என்று வரிசையாகச் சுற்றிவருவது போலத் தோன்றும். உண்மையில் கடலிலிருந்து எழும் ஆவியில் பெரும்பகுதி கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. காற்றுக்குள் போன நீர் சராசரியாக ஒன்பது பத்து நாளில் இறங்கிவிடும். கடலுக்குள் போனது சராசரியாக 3000 வருடத்துக்கும் மேல் தங்கும். அதனால் கடல் பகடையில் பெரும்பாலான பக்கங்களில் "இரு" என்றே எழுதுங்கள். கடலில் மாட்டிக்கொண்ட மாணவர் நாலாவது தடவை "மறுபடி" என்று சலித்துக்கொண்டு, "போதும்", "வேண்டாம்" என்று அழுத்தினால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொருவரும் போன இடங்களை வரிசையாக ஒட்டிக்கொண்டால் ஆளுக்கு ஒரு கதை கையில் இருக்கும், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதை வீட்டில் போய்ச் சொல்ல முடியும், கேட்பவருக்கு முன்பே தெரியாத கதை.

இடங்களில் ஒன்றாகக் குழாயையும் பயிர் வயலையும் வையுங்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் நீர் சுழற்சிப் படங்களைத் திரட்டிப் பார்த்தபோது, சுமார் 15 சதவீதப் படங்களில்தான் மனிதர்கள் தண்ணீரோடு செய்யும் எதுவும் இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமும் 2022-இல் தன் படத்தை மாற்றி அணை, பாசனம், நகரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. மாணவர் குடிப்பதும் குளிப்பதும் இந்தக் கதைக்குள் வந்தால் பேச இன்னும் நிறையக் கிடைக்கும்.

காத்திருப்பது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை அலசி, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று காட்டினார். அதை மூன்று நொடியாக நீட்டியதற்கே பதில்கள் நீண்டன, மாணவர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகள் கூடின. அது வாயால் பேசுபவர்களுக்கு. கருவி வழியே பேசும் பலரால் நிமிடத்துக்கு 15 சொல்கூடச் சொல்ல முடியாது. கட்டம் கட்டமாக நகரும் வெளிச்சத்தை ஸ்விட்சால் நிறுத்தித் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு சொல்லுக்கே அரை நிமிடம் ஆகலாம். நடுவில் கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும். கையையே உற்றுப் பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் பதிலை எழுதச் சொல்லுங்கள். அறை முழுக்க வேலை நடக்கும், மௌனத்தின் பாரம் ஒருவர் தலையில் விழாது. நாளைய கேள்விகளில் ஒன்றை இன்றைக்கே சொல்லி அனுப்பினால் வீட்டிலேயே தயார் செய்து வரலாம். எல்லாக் கேள்வியையும் அப்படிச் செய்துவிட்டால் வகுப்பில் அவர் யோசித்துப் பேச இடமே இருக்காது, அதையும் பாருங்கள்.

நான்கு பேரில் யாருக்காவது பார்வைக் குறைபாடும் இருக்கலாம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடம், கண் நன்றாக இருந்தும் மூளை காட்சியைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருப்பது அடிக்கடி காணக்கூடியது. அவர்களுக்கு நிறைய படங்கள் நெருக்கிய பக்கம் வெறும் குழப்பம். கறுப்புப் பின்னணியில் ஒரு நேரத்துக்கு ஒரு பொருள், முடிந்தால் அசைகிற பொருள். இந்தப் பாடத்தில் தொட்டுணர நிறைய இருப்பது வசதி: ஈரக் கையில் ஊதினால் வரும் குளிர்ச்சி, கண்ணாடியில் ஊதியதும் விரலில் படும் ஈரம், தண்ணீரில் பாரமாகிப் பிழிந்ததும் லேசாகும் பஞ்சு.

கடைசியாகத் தேர்வு. நான்கு படங்களை வரிசைப்படுத்தச் சொல்வது, அந்த வட்டப் படம் நினைவிருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். இரண்டு படங்களில் ஒன்றைப் பார் என்றால் கண்ணை மூடிக்கொண்டாலும் பாதி தடவை சரியாக வரும். நான்கில் ஒன்று என்றாலும் ஒரே கேள்வியில் முடிவு கட்டாமல், படங்களின் இடத்தை மாற்றி வேறு வேறு நாளில் கேளுங்கள். அதைவிட நான் நம்புவது இரண்டு வழிகள். ஒன்று, புதிய ஒன்றைக் காட்டி முன்கூட்டியே சொல்லச் சொல்வது: பை ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டு அலமாரியிலும் வைத்தால் எதில் துளி அதிகம் வரும், ஏன்? இன்னொன்று, நீங்களே தப்பாகச் சொல்வது. சாயத் தண்ணீர் ஆவியானால் மழையும் சிவப்பாகப் பெய்யும் என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "இல்லை" என்று அழுத்துபவரிடம் "ஏன் இல்லை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "தண்ணீர் போ, சிவப்பு இரு" என்று வந்தால், வாயால் பேசும் மாணவர் ஒரு பத்தி எழுதியதற்குச் சமம், அதே மதிப்பெண் கொடுங்கள்.

பதிலைக் குறிக்கும்போது பக்கத்தில் எந்த உதவியோடு வந்தது என்றும் எழுதுங்கள்: தானாகவா, நீங்கள் ஒருமுறை தொட்டுக் காட்டிய பிறகா, பக்கத்தில் இருப்பவர் சாடை காட்டியா. கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்து வந்த பதிலை மாணவர் பதிலாகக் குறிக்கவே கூடாது, அது பிடித்தவருடையது. எழுதிவைத்த சொற்களை அப்படியே, நீங்கள் திருத்தாமல், வீட்டுக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் அனுப்புங்கள். அடுத்த பாடத்துக்கு எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்தத் தாள்தான் உதவும். "கசிவு", "ஒட்டு", "தெரியாது" போன்ற சொற்கள் இல்லாமல் யாராவது திண்டாடினாரா என்று அதில் தெரிந்துவிடும்.